குடிசன் பார்க்கில் ஒரு பழைய பாக்கி

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. பிரிமியர் லீக்கில் எவர்ட்டன் குழு சவுத்ஹேம்டனை 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களையும் புகுத்தியவர் இலிமான் என்டியாய். புள்ளிப்பட்டியலைப் பார்த்தால் அந்த ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை. சவுத்ஹேம்டன் ஏற்கெனவே கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது உறுதியாகிவிட்டது. எவர்ட்டன் தப்பித்துவிட்டது. ஆனாலும் ஆட்டம் முடிந்த பிறகும் மக்கள் வெளியேறவில்லை. முதியவர்கள் இருக்கைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடிசன் பார்க் திடலில் எவர்ட்டன் ஆண்கள் குழு ஆடிய கடைசி லீக் ஆட்டம் அது.

நான் எவர்ட்டன் ரசிகன் அல்லன். என் நண்பர்களில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் சட்டை போட்டவர்கள் ஏராளம். எவர்ட்டனின் நீலச் சட்டையை நம் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பள்ளித் திடலிலோ பார்ப்பது அரிது. இருந்தாலும் அந்தத் திடலைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு.

கடைசி ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னர், மே 13ஆம் தேதி, சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குடிசன் பார்க் இடிக்கப்படாது. எவர்ட்டன் பெண்கள் குழுவின் சொந்தத் திடலாக அது தொடரும். அதுவரை இருந்த திட்டமே வேறு. திடலை முழுதாக இடித்துவிட்டு அங்கு வீடுகள், சுகாதாரச் சேவைகள், பசுமை வெளி எல்லாம் அமைக்க 2021லேயே அனுமதி பெற்றிருந்தார்கள். 2024 டிசம்பரில் சங்கத்தை வாங்கிய ஃபிரீட்கின் குழுமம் அந்த முடிவை மாற்றியது.

இந்தச் செய்தி வந்தபோது இணையத்திலும் நண்பர்களிடமும் இரண்டு விதமான பேச்சைக் கேட்டேன். ‘ஆண்கள் கழித்துப் போட்டதைப் பெண்களிடம் தள்ளிவிடுகிறார்கள்’ என்பது ஒன்று. ‘பெண்கள் ஆட்டத்துக்கு வருவதே இரண்டாயிரம் பேர், அவர்களுக்கு எதற்கு 39,000 இருக்கை’ என்பது இன்னொன்று. முதல் பேச்சு பெண்கள் பக்கம் நிற்பதுபோலத் தெரியும், இரண்டாவது கணக்குப் பார்ப்பதுபோலத் தெரியும். இரண்டுமே இந்தத் திடலின் வரலாற்றைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு என்பது என் கருத்து.

வரலாறு ஒரு வாடகைத் தகராற்றில் தொடங்குகிறது. எவர்ட்டன் முதலில் ஆடியது ஆன்ஃபீல்டில். ஆம், இன்று லிவர்பூல் ஆடும் அதே ஆன்ஃபீல்டில்தான், 1884 முதல் 1892 வரை. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங், பீர் தயாரிக்கும் தொழிலதிபர், சங்கத்தின் தலைவரும் அவரே. வாடகை ஏறிக்கொண்டே போனது. சங்க உறுப்பினர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஜார்ஜ் மேஹன் என்பவர் தலைமையில் உறுப்பினர்கள் ஸ்டான்லி பூங்காவுக்கு மறுபக்கத்தில் மியர் கிரீன் என்ற வெற்று நிலத்தைப் பார்த்து, பின்னர் 8,090 பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். மேஹன் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். எவர்ட்டன் சங்கமே 1878ல் செயின்ட் டொமிங்கோ என்ற தேவாலயத்தின் குழுவாகத் தொடங்கியதுதான். கையில் வெறும் திடலுடன் நின்ற ஹோல்டிங், அதில் ஆட ஆள் வேண்டும் என்று புதிதாக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதுதான் லிவர்பூல். லிவர்பூல் ரசிகர்களான என் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் நடந்தது இதுதான்.

குடிசன் பார்க் 1892 ஆகஸ்ட் 24ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்று காற்பந்து ஆட்டமே நடக்கவில்லை. ஓட்டப் போட்டிகள், இசை, வாணவேடிக்கை. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 2ஆம் தேதி, போல்ட்டனுக்கு எதிராக முதல் ஆட்டம் நடந்து 4-2 என்று எவர்ட்டன் வென்றது. அந்தக் காலத்துத் திடல்களில் பல, கிரிக்கெட் மைதானத்தின் ஒரு மூலையோ யாருக்கோ சொந்தமான வயல்வெளியோதான். காற்பந்துக்காகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட, சங்கமே சொந்தமாக வைத்திருந்த பெரிய அரங்கங்களில் குடிசன் மிகவும் முந்தியது.

அதன் பிறகு அந்தத் திடல் பல விஷயங்களில் முன்னே ஓடியது. 1913ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசியாரும் வந்து பார்த்தார்கள். 1938ல் நான்கு பக்கமும் இரண்டடுக்குப் பார்வையாளர் மாடம் கொண்ட பிரிட்டனின் முதல் திடலானது. 1971ல் மூன்றடுக்கு மாடம் எழும்பியது. பயிற்றுநரும் மாற்று ஆட்டக்காரர்களும் திடலோரம் உட்கார்ந்திருக்கும் கூரையிட்ட பள்ளம் இருக்கிறதே, அதை ஸ்காட்லாந்தின் அபர்டீன் குழுவிடம் பார்த்துவிட்டு 1931ல் இங்கிலாந்தில் முதலில் அமைத்துக்கொண்டதும் இவர்கள்தான்.

1958ல் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். குளிர்காலத்தில் பனியால் ஆட்டங்கள் தள்ளிப்போகின்றன என்று புல்லுக்கு அடியில் ஏறத்தாழ 20 மைல் நீளத்துக்கு மின்கம்பியைப் பதித்தார்கள். கம்பி சூடானது, பனி நன்றாகவே உருகியது. ஆனால் உருகிய தண்ணீர் வடிய வழி செய்ய மறந்துவிட்டார்கள்! இரண்டு ஆண்டு கழித்துத் திடலைத் தோண்டி வடிகால் போட்டு மறுபடி மூடினார்கள். பொறியியல் படிக்கும் நண்பர்கள் இதைத் தங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

திடலின் தோற்றத்துக்குக் காரணமானவர் ஆர்ச்சிபால்ட் லீட்ச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். தொழிற்சாலைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1902ல் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் திடலில் இவர் வடிவமைத்த மரத்தாலான நிற்கும் மேடை உடைந்து 25 பேர் மாண்டார்கள். அதோடு ஒருவரின் தொழில் முடிந்திருக்க வேண்டும். லீட்ச் அப்படி ஒதுங்கவில்லை. கூட்டம் எப்படி நகர்கிறது, நெரிசலை எந்தத் தடுப்பு தாங்கும் என்பதையே ஆராயத் தொடங்கினார். பின்னர் பிரிட்டனின் பெரிய திடல்களில் பாதியாவது அவர் கை பட்டது என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தார். குடிசனின் புல்லன்ஸ் ரோடு மாடத்தில், மேலடுக்கின் முகப்பு நெடுகிலும் இரும்புச் சட்டங்கள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். 1926ல் கட்டிய அது லீட்சின் கையெழுத்து என்றே சொல்வார்கள். அழகுக்காகச் செய்ததுபோலத் தோன்றும்.

அழகைச் சொன்னால் குறையையும் சொல்ல வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையாளர் கண்முன்னே நிற்கும். பணம் கொடுத்து உட்கார்ந்து, கோல் விழுந்த தருணத்தில் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். சில பகுதிகளில் இருக்கைகள் இன்னும் மரப்பலகைதான். நான்கு பக்கமும் வரிசை வீடுகளும் சாலைகளும் நெருக்குவதால் விரிவாக்க இடமில்லை. ஒரு மூலையில் செயின்ட் லூக் தேவாலயம் இரண்டு மாடங்களுக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தொலைக்காட்சியில் குடிசனைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டடம் நினைவிருக்கும். பிரிமியர் லீக்கின் இன்றைய வருமானக் கணக்குக்கு இந்தத் திடல் போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண்கள் குழு புறப்பட்டதைக் குறை சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் ‘போதாது’ என்பதும் ‘இடித்துவிடு’ என்பதும் ஒன்றல்ல.

இங்கிலாந்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் மறைந்த திடல்களை எண்ணிப் பாருங்கள். போல்ட்டனின் பர்ன்டன் பார்க் இருந்த இடத்தில் பேரங்காடி வந்தது. ஆர்சனலின் ஹைபரி 2006க்குப் பிறகு அடுக்குமாடி வீடுகளாக மாறியது. பழைய முகப்புகள் காக்கப்பட்டன, புல்வெளி இருந்த இடம் குடியிருப்பாளர்களின் தோட்டமானது. மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு, வெஸ்ட் ஹேமின் அப்டன் பார்க் இரண்டும் வீடுகளாகிவிட்டன.

இதில் மிடில்ஸ்புரோ நகரின் ஏர்சம் பார்க் கதை தனி. 1966 உலகக் கிண்ணத்தில், யாரும் ஒரு பொருட்டாக நினைக்காத வட கொரியா அங்கேதான் இத்தாலியை 1-0 என்று வீழ்த்தியது. கோல் அடித்தவர் பாக் டூ இக். ஆசியக் குழு ஒன்று உலகக் கிண்ணத்தின் காலிறுதிக்குப் போனது அதுவே முதல் தடவை. இன்று ஏர்சம் பார்க் இருந்த இடத்தில் வீடுகள். அவர் பந்தை உதைத்த இடத்தில், ஒரு வீட்டின் முன்புறப் புல்லில், காலணித் தடத்தை வெண்கலத்தில் வார்த்துப் பதித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தடம் மட்டும்தான் மிச்சம்.

அந்த வட கொரியக் குழு அடுத்து ஆடியது குடிசன் பார்க்கில், ஜூலை 23ஆம் தேதி, போர்ச்சுகலுக்கு எதிராக. மிடில்ஸ்புரோவிலிருந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் ‘புது’ குழுவுக்கு ஆதரவாக லிவர்பூல் வரை போனார்கள். 25 நிமிடத்துக்குள் வட கொரியா 3-0 என்று முன்னிலை. பிறகு யூசேபியோ தனியாளாக நான்கு கோல் புகுத்த, போர்ச்சுகல் 5-3 என்று வென்றது. காற்பந்து பார்க்கும் நம் தாத்தாமார் சிலர் இன்றும் பேசும் ஆட்டம். அந்த நான்கு கோல் விழுந்த புல்வெளி இன்றும் புல்வெளியாகவே இருக்கிறது, பந்து அதில் உருள்கிறது. வெண்கலத் தடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. காலாங்கில் 1973ல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கம் 2007ல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அதன் மரப்பலகைகளில் சில, வேறு இடங்களில் இருக்கைகளாக மறுபிறவி எடுத்தன. அப்பா அந்த அரங்கத்தின் ‘காலாங் கர்ஜனை’ பற்றிச் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டுவேன். எனக்கு அது கேட்ட கதை மட்டும்தான். புதிய அரங்கம் வசதியானது, மழைக்குக் கூரை மூடிக்கொள்ளும். இடநெருக்கடி உள்ள நாட்டில் இரண்டையும் வைத்துக்கொள்வது எளிதன்று என்பதும் புரிகிறது. லிவர்பூல் நகரில் இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இருந்தது.

சரி, காக்கத்தான் வேண்டும் என்றால் அதை ஏன் பெண்கள் குழுவுக்குத் தர வேண்டும்? இங்கேதான் 1920ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்தார்கள். இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்தார்கள். பிரெஸ்டன் நகரின் ‘டிக், கெர்’ தொழிற்சாலைப் பெண்கள் 1917ல் ஒரு குழுவாகவே ஆடத் தொடங்கினார்கள். காயம்பட்ட வீரர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் ஆட்டங்கள் அவை. போர் முடிந்தது, ஆனால் அவர்களைப் பார்க்க வந்த கூட்டம் குறையவில்லை, பெருகியது.

1920 டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள். டிக், கெர் குழுவும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் குழுவும் குடிசன் பார்க்கில் மோதின. உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். டிக், கெர் குழுவின் முக்கியத் தாக்குதல் ஆட்டக்காரரான ஃபிளோரி ரெட்ஃபர்ட் ரயிலைத் தவறவிட்டதால் வரவே இல்லை! முற்பாதியில் ஜெனி ஹாரிஸ் ஒரு கோல் போட்டார். பிற்பாதியில், வழக்கமாகத் தற்காப்பில் ஆடும் அணித்தலைவி ஆலிஸ் கெல், முன்னால் போய் மூன்று கோல் அடித்தார். 4-0. போரிலிருந்து திரும்பி வேலையில்லாமல் தவித்த வீரர்கள் போன்றோருக்காக 3,000 பவுண்டுக்கு மேல் திரண்டது. அக்காலத்தில் அது பெரும் பணம். குடிசன் நிலத்தை வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

அடுத்து என்ன நடந்தது? ஓராண்டுகூட முழுமையாகவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. காற்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது, உறுப்புச் சங்கங்கள் எதுவும் தங்கள் திடலைப் பெண்கள் ஆட்டத்துக்குத் தரக் கூடாது. திரளும் நிதியில் செலவுக்கென எடுப்பது அதிகம் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. குடிசனில் 53,000 பேருக்கு முன்னால் ஆடிய பெண்கள் மறு ஆண்டிலிருந்து பூங்காக்களிலும் ரக்பி திடல்களிலும் ஆட வேண்டியதாயிற்று. தடை ஏறத்தாழ 50 ஆண்டு நீடித்தது. அதை நீக்கியபோது 1970களே பிறந்துவிட்டன. காற்பந்துச் சங்கம் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2008ல்.

இந்த 50 ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு ‘பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதில்லை’ என்ற வாதத்தைப் பாருங்கள். அதே ஐம்பது ஆண்டுகளில் குடிசனில் ஆண்கள் என்னென்ன சேர்த்துக்கொண்டார்கள்? 1928 மே மாதம் ஆர்சனலுக்கு எதிராக டிக்சி டீன் மூன்று கோல் அடித்து, ஒரே லீக் பருவத்தில் 60 கோல் என்ற சாதனையை எட்டினார். இன்னும் யாரும் அதை நெருங்கவில்லை. 1948ல் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்துக்கு 78,299 பேர் வந்தது திடலின் உச்சம். அப்பா மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார், அந்த மகன் வளர்ந்து தன் மகனைக் கூட்டிப் போவார். பாசம் அப்படித்தான் தலைமுறையாகக் கைமாறியது. பெண்கள் காற்பந்துக்கு அந்தத் தலைமுறைகள் தரப்படவே இல்லை. கடையை ஐம்பது வருடம் பூட்டி வைத்துவிட்டு, திறந்த மறுநாளே வியாபாரம் ஏன் மந்தம் என்று கேட்பது நியாயமா?

எனவேதான் இதை நான் பாக்கி என்கிறேன். சங்கம் 2025ல் பெண்களுக்குக் கருணை காட்டிவிடவில்லை. 1921ல் சாத்திய ஒரு கதவை, அதே கட்டடத்தில், நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்துத் திறந்திருக்கிறது. அந்தக் கதவைச் சாத்தச் சொன்னது எவர்ட்டன் அன்று, காற்பந்துச் சங்கம்தான். அது உண்மை. ஆனால் திடல் அதேதான்.

‘கழித்துப் போட்டது’ என்ற வாதம் கொஞ்சம் கனமானது. ஆண்கள் புதிதாகக் கட்டிய, ஏறத்தாழ 53,000 பேர் உட்காரும் ஹில் டிக்கின்சன் அரங்கத்தில் ஆடுகிறார்கள். தூண் மறைப்பதில்லை, ஆற்றங்கரைக் காற்று வேறு. பெண்களுக்கு நூறு வயதுக் கட்டடம். இதில் சமத்துவம் எங்கே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எவர்ட்டன் பெண்கள் அதற்கு முன்பு ஆடியது எங்கே? அருகிலுள்ள வால்டன் ஹால் பார்க்கில், இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு மட்டுமே இடமுள்ள சிறு திடலில். பல சங்கங்களில் பெண்கள் குழு, ஊருக்கு வெளியே எங்கோ, கீழ்ப் பிரிவு ஆண்கள் குழுவின் திடலை இரவல் வாங்கி ஆடுகிறது. பெரிய ஆட்டம் என்றால் மட்டும் ஆண்கள் அரங்கம் கிடைக்கும், விருந்தாளிபோல. குடிசனில் பெண்கள் விருந்தாளி அல்லர். உடைமாற்றும் அறையில் அவர்கள் பெயர், சுவரில் அவர்கள் படம். புதிய அரங்கில் ஆண்டுக்கு இரண்டு நாள் கிடைப்பதைவிடப் பழைய வீட்டில் சொந்தச் சாவி கிடைப்பது மேல் என்பது என் கணிப்பு. பராமரிப்புக்குச் சங்கம் உண்மையாகவே செலவு செய்தால் மட்டுமே இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூரை ஒழுகும் திடலைக் கொடுத்துவிட்டு வரலாறு பேசினால் முதல் வாதக்காரர்கள் சொன்னதுதான் சரியாகிவிடும்.

காலி இருக்கைகள் பற்றிய கவலையும் வெறும் பேச்சன்று. 39,000 இருக்கையில் ஐந்தாறாயிரம் பேர் உட்கார்ந்தால் குரல் எதிரொலித்துத் திரும்பும், தொலைக்காட்சியில் பார்க்கச் சோகமாக இருக்கும். 2022 ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துப் பெண்களைப் பார்க்க வெம்பிளியில் 87,192 பேர் வந்தார்கள் என்பது உண்மை, ஆனால் தேசியக் குழுவுக்கு வரும் கூட்டம் அப்படியே லீக் ஆட்டத்துக்கு வருவதில்லை. நான் இதற்குச் சொல்லும் விடை எளியது. எல்லா மாடத்தையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து அதை நிரப்பட்டும், பிறகு அடுத்த பக்கம். பள்ளி மாணவர்களுக்கு நுழைவுச்சீட்டு மலிவாக இருக்கட்டும். குடிசனைச் சுற்றி ஏராளமான பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் பலருடைய குடும்பங்களுக்குப் பிரிமியர் லீக் நுழைவுச்சீட்டு எட்டாக்கனி.

சுற்றியுள்ள வட்டாரத்தையும் பார்க்க வேண்டும். வால்டன் பகுதி இங்கிலாந்திலேயே மிகவும் வசதி குறைந்த பகுதிகளில் ஒன்று. ஆட்ட நாளன்று மீன் வறுவல் கடை, மதுக்கூடம், சட்டையும் கழுத்துத் துண்டும் விற்கும் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் பிழைப்பு அந்தக் கூட்டத்தால்தான். நாற்பதாயிரம் பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோன தெருவில் திடீரென யாருமே வராவிட்டால் என்ன ஆகும்? ஐந்தாயிரம் பேர் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. பூஜ்யத்துக்கு ஐந்தாயிரம் எவ்வளவோ மேல். அங்கே வீடுகளும் மருந்தகமும் வந்திருந்தால் வட்டார மக்களுக்குப் பயன்பட்டிருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. பழைய திட்டம் மோசமான திட்டம் அன்று. அதனால்தான் இந்த முடிவு எளிதான முடிவாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. எவர்ட்டனின் புதிய அரங்கம் பிராம்லி-மூர் என்ற பழைய கப்பல்துறையை நிரப்பி எழுந்தது. ஆற்றங்கரையில் நடந்த இதுபோன்ற கட்டுமானங்களைக் காரணம் காட்டி 2021ல் யுனெஸ்கோ, லிவர்பூல் நகரை உலக மரபுடைமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரு மரபுடைமைக்கு விலை கொடுத்துப் புதிய வீடு கட்டிய சங்கம், தன் பழைய வீட்டையும் இடித்திருந்தால் கணக்கு இரட்டை நட்டமாகியிருக்கும். புதிய அரங்கத்தில் முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24ஆம் தேதி நடந்தது. குடிசன் திறந்த அதே தேதி, 133 ஆண்டு கழித்து.

இடிக்கக் கூடாது என்பதற்குக் கணக்கில் வராத ஒரு காரணமும் உண்டு. குடிசன் புல்வெளியின் ஓரங்களில் 800க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி புதைக்கப்பட்டிருக்கிறது. இடமில்லாமல் போனதால் 2004ல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். டிக்சி டீனே 1980ல் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கேதான் காலமானார். தாத்தாவின் அஸ்தி இருக்கும் இடத்தில் பேரப்பிள்ளை கொடிமூலையிலிருந்து பந்தை உதைப்பது நமக்கு விநோதமாகத் தோன்றலாம். நம்மில் கடலிலும் ஆற்றிலும் கரைப்பார்கள், அவர்கள் திடலில் புதைக்கிறார்கள். அந்த மண்ணின் மேல் ஆட்டம் தொடர்வதைத்தான் அந்தக் குடும்பங்கள் விரும்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் லீக்குக்கு விடுமுறை. அந்த விடுமுறையின் நடுவே, ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் தேதி, குடிசனில் ஒரே ஓர் அறநிதி ஆட்டம் நடத்தலாம். திரளும் பணம் வால்டன் வட்டாரத்துக்கே போகட்டும். ஏதாவது ஒரு மாடத்துக்கு ஆலிஸ் கெல் பெயரை வைக்கட்டும். ஒரு சிக்கல்தான். பிரிட்டனில் இப்போது டிசம்பர் 26 அன்று பெரும்பாலான ரயில்கள் ஓடுவதில்லை. ஃபிளோரி ரெட்ஃபர்ட் தவறவிட ஒரு ரயிலாவது இருந்தது. இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குச் சங்கம்தான் பேருந்து அனுப்ப வேண்டும்.